சாடிக்காட்டில் ஒரு பிடி நெல்

அந்தக் கலயத்தை உடைத்தது மொக்கம்மாளின் கால்தான். மண் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓர் எட்டுப் பின்னால் வைத்தாள், காலடியில் நொறுக்கென்றது. குனிந்து பார்த்தால், காலையில் குழியிலிருந்து எடுத்துச் சாக்கின்மேல் காயவைத்திருந்த கறுப்பும் சிவப்புமான கலயம் ஐந்தாறு சில்லாகக் கிடக்கிறது.

1931-ஆம் வருஷம் மாசி மாதம். அன்றைக்குப் பார்த்துச் சென்னையிலிருந்து சர்வகலாசாலையின் பெரிய புரொபசர் வந்திருந்தார். தேனி வரைக்கும் ரயில், அங்கிருந்து உத்தமபாளையத்துக்கு மோட்டார், அப்புறம் கரட்டடிக்கு மாட்டுவண்டி என்று வந்து சேர்ந்த அலுப்பில் அவர் முகம் ஏற்கெனவே கடுகடுவென்று இருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"யார் உடைச்சது இதை?"

கூலியாட்கள் பன்னிரண்டு பேரும் கையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். மொக்கம்மாள் தலைக்கூடையை இறக்கவும் இல்லை. புருஷன் சங்கிலி செத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. இந்த மண் சுமக்கிற வேலையும் போனால் அறுப்பு வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியாது.

குழிக்குள் மண்டியிட்டு அளவெடுத்துக்கொண்டிருந்த சேக் தாவூது, டேப்பைச் சுருட்டியபடி மேலே ஏறி வந்தார்.

"நான்தான் சார். அளவெடுக்கிற மும்முரத்துல கவனிக்காமக் கால் வச்சுட்டேன்."

புரொபசர் இங்கிலீஷில் பிடித்துக்கொண்டார். ஒரு வெற்றிலை போட்டுத் துப்பி முடிக்கிற நேரம் அது நடந்தது. கூலியாட்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சேக் தாவூது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எஸ் சார், எஸ் சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சில்லுகளைத் தன் கைக்குட்டையில் பொறுக்கிக் கட்டினார். மொக்கம்மாளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மறுநாள் அவள் வேலைக்கு வந்தபோது, காயவைக்கிற சாக்கு நடைபாதையை விட்டுத் தள்ளி, வேலியோரத்துக்குப் போயிருந்தது. அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

சேக் தாவூது உத்தமபாளையத்துக்காரர்தான். அவருடைய அத்தா ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர். மகன் பட்டணத்தில் எம்.ஏ. படித்து முடித்துவிட்டு வந்து மண்டியில் உட்காருவான் என்று காத்திருந்தார். மகனோ சர்வகலாசாலையில் சரித்திர இலாகாவில் டியூட்டர் என்று ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டான். ஒட்டிக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். அது நிரந்தரமில்லை. ஒவ்வொரு கோடையிலும் ஒரு கடிதம் வரவேண்டும், அடுத்த வருஷமும் இருக்கலாம் என்று. முப்பத்தாறு வயதிலும் அவர் அந்தக் கடிதத்துக்காகத் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசி பிறந்தால் ஊருக்கு வந்து, சித்திரை முடியும் வரைக்கும் குழி தோண்டுவார். அவர் போட்ட படங்களும் அளவுகளும் அச்சில் வரும்போது மேலே புரொபசர் பெயர் இருக்கும். இவர் பெயர் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடி எழுத்தில்.

தோண்டிய இடத்துக்குச் சாடிக்காடு என்று பெயர். ஊருக்கு மேற்கே கரட்டடியில் மானாவாரி நிலம். உழுதால் கொழுவில் பெரிய பெரிய மண்சாடி தட்டும். அந்தக் காலத்தில் மனுஷர் சாகாமலே சுருங்கிச் சுருங்கிக் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்கள் என்றும், விளக்கும் சோறும் வைத்துச் சாடிக்குள் இறக்கி மூடிவிடுவார்கள் என்றும் சனங்கள் சொல்வார்கள். சேக் தாவூது அதைச் சிரிக்காமல் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். அவர் சாடி என்று சொல்லமாட்டார், தாழி என்பார்.

"ஏண்ணே, அடுத்தவுக சவத்தைத் தோண்டுறமே, பாவமில்லையா?" என்று மேஸ்திரி தவசி ஒருநாள் கேட்டான்.

"எங்க அத்தாவும் அதைக் கேட்டுத்தான் மூணு வருசம் என்கூடப் பேசலை," என்றார் சேக் தாவூது.

"இப்பப் பேசுறாகளா?"

"இப்பப் பேச அவுக இல்லை."

தவசி மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். கூடையைத் தூக்கிவிட்ட சுப்புத்தாய்தான் அந்த இடத்தைக் கலகலப்பாக்கினாள். "இவனுக்கு எதுக்கண்ணே பதில் சொல்றீக? பாவத்துக்குப் பயப்படுற ஆளு சம்சாரத்துக்குத் தெரியாம ஆட்டை வித்தானாக்கும்!"

சேக் தாவூது தேடிக்கொண்டிருந்தது தங்கமோ வைரமோ இல்லை. மொக்கம்மாளுக்கு அது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. மத்தியானத்தில் புளியமரத்து நிழலில் சில்லுகளைக் கழுவிக் கொடுக்கும்போது அவளிடம் சொல்வார்.

"இந்தத் தாழிக்காரங்க நெல்லு வெதச்சவுகளா இல்லையா, அதான் மொக்கம்மா கேள்வி. ஆடு மாடு மேய்ச்சவுக, வேட்டையாடுனவுக, நெல்லைக் கண்ணுல பார்க்காதவுகன்னு புரொபசர் சொல்றாரு. முல்லையாத்துத் தண்ணி பக்கத்துல ஓட, ஒரு சனம் நெல்லு வெதைக்காம இருந்திருக்குமா? நான் எழுதுனேன். அவரு சிவப்பு மையில ஒத்தை வார்த்தை எழுதித் திருப்பி அனுப்பிட்டாரு. சான்று எங்கேன்னு."

"ஆத்துத் தண்ணி சான்றில்லையாண்ணே?"

"இல்லை ஆத்தா. தண்ணி சாட்சி சொல்லாது."

மறு வருஷம், 1932 சித்திரை. வேலை முடிய மூன்று நாள் இருக்கையில் இதுவரை கிடைக்காத ஒரு பெரிய தாழி கிடைத்தது. தானியம் போட்டுவைக்கும் குலுக்கை அளவு இருக்கும். வாயை மூடியிருந்த பலகைக் கல்லை நெம்பித் தள்ளினார்கள். உள்ளே பாதி வெறுமை. மீதியில் மண், அதன்மேல் எலும்புகள், ஒரு மண்டையோடு, அதன் தாடைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கலயம். சேக் தாவூது குப்புறப் படுத்துக்கொண்டு அரைமணி நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மத்தியானமே தந்தி வந்தது. பரீட்சைத் தாள் திருத்த ஆளில்லை, உடனே புறப்படு என்று புரொபசர் கொடுத்த தந்தி. சேக் தாவூது அதை இரண்டு தரம் படித்தார். தாழியைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட மொக்கம்மாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனுஷர் ஒரு பெருமூச்சோடு சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"தவசி, கல்லைத் தூக்கி வச்சு மண்ணைப் போட்டு மூடிரு. அடுத்த வருசம் பார்ப்போம். நான் தேனிக்குப் போய் ரயிலைப் பிடிக்கணும்."

அவர் வண்டி ஏறிப் போய்விட்டார். கல்லைப் புரட்ட நெம்புகோல் வெட்ட வேண்டும் என்று தவசியும் மற்றவர்களும் வேலிப்பக்கம் போனார்கள். மொக்கம்மாள் மட்டும் தாழியண்டை நின்றாள். வெயில் தாழ்ந்து கரட்டு நிழல் காட்டில் விழுந்திருந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். மண்டையோடு அவளைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

சங்கிலி ஏலமலைக்கு வேலைக்குப் போனவன். குளிர்காய்ச்சலில் அங்கேயே போய்விட்டான். அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. இவளுக்குச் சேதி வந்தபோது பதினெட்டு நாள் கழிந்திருந்தது. பெண்டாட்டி கையால் வாய்க்கரிசி வாங்காமல் போன மனுஷன். இரண்டு வருஷமாக அவள் தொண்டையில் அது ஒரு முள்ளாகக் கிடந்தது. கோயிலில் சொல்லியும் இறங்கவில்லை, அழுதும் இறங்கவில்லை.

இதுவும் யார் பெற்ற பிள்ளையோ. யார் புருஷனோ. எத்தனை காலமாகவோ வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. இன்றைக்கு நாம் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் போடாமல் மூடினால் அது அடுக்குமா?

அரிசி இல்லை. பங்குனி அறுப்பில் கூலியாக வந்த நெல் மடியில் கொஞ்சம் முடிந்திருந்தது. முடிச்சை அவிழ்த்தாள். குப்புறப் படுத்துக் கையை நீட்டி, தாடைக்குப் பக்கத்திலிருந்த கலயத்தில் ஒரு பிடி போட்டாள். "வாங்கிக்க சாமி," என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

அந்த வருஷம் சாரலும் பலம், ஐப்பசி மழையும் பலம். 1933 மாசியில் மறுபடி தாழியைத் திறந்தபோது கழுத்து வரைக்கும் சேறு இறங்கியிருந்தது. சேக் தாவூது ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு மூன்று நாள் அந்தச் சேற்றைச் சுரண்டி எடுத்தார். மொக்கம்மாள் நாலு குழி தள்ளி வேலை செய்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கூச்சல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், சேக் தாவூது தொப்பி இல்லாமல், இரண்டு கையையும் குவித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி வருகிறார்.

"நெல்லு! நெல்லு! ஏலே தவசி, நெல்லுடா!"

குவித்த கைக்குள் கறுத்துப்போன உமியும் மணியுமாகக் கொஞ்சம் இருந்தது. எல்லோரும் கூடினார்கள். தவசி அவரைத் தூக்கிச் சுற்றாத குறை. அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

மொக்கம்மாளுக்கு அது தான் போட்ட நெல்லென்று பட்டது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். மறுநாள் அவர் அந்த மணிகளைப் பஞ்சில் பொதிந்து கண்ணாடிக் குழலில் அடைத்துக்கொண்டிருந்தார். ஒருவேளை அது பழைய நெல்லாகவே இருக்குமோ, நாம் போட்டது மழையில் கரைந்து போயிருக்குமோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் அந்த வருஷம் முன்கூட்டியே பட்டணம் போய்விட்டார். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்க் கௌமாரி முன்னால் நின்றபோது, வழக்கமாகக் கேட்கிற ஒன்றும் அவள் வாயில் வரவில்லை. திருநீற்றைக் கையில் வாங்கிக்கொண்டு, நெற்றியில் பூசாமலே வெளியே வந்துவிட்டாள்.

ஒரு வருஷம் அப்படிப் போயிற்று.

1934 மாசியில் சேக் தாவூது வந்தபோது புதுக் கோட்டுப் போட்டிருந்தார். கையில் அச்சடித்த ஒரு புத்தகம். முதல் தடவையாக மேலே அவர் பெயர் மட்டும். உள்ளே நெல்மணிகளின் படம் இருந்தது. வேலைக்காரர்கள் எல்லோருக்கும் காட்டினார். மத்தியானம் மொக்கம்மாள் தண்ணீர் கொண்டுபோனபோது தானாகப் பேச ஆரம்பித்தார்.

"பங்குனி பத்தாந்தேதி சர்வகலாசாலைச் சபை கூடுது மொக்கம்மா. ரீடர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்காக. புரொபசருக்கு அடுத்த நாற்காலி. கிடைச்சா நிரந்தரம். இந்தக் கடுதாசிக்கு உக்காந்திருக்கிற பொழப்பு முடிஞ்சு போகும்."

"நல்லதுண்ணே."

"பதிமூணு வருசம். எங்க வீட்டுக்காரி மதீனாகூட, இந்த வருசமாச்சும் ஊர்ல ஒரு வீடு எடுக்கலாமாங்கிறா." சிரித்தார். "புரொபசர் ஒண்ணே ஒண்ணு கேப்பாரு. தாழிய வேற ஆளு யாரும் தொடலையேன்னு. நான் சபை முன்னால நின்னு சத்தியம் பண்ணிச் சொல்லணும். அல்லா மேல ஆணையா யாரும் தொடலைன்னு சொல்லிருவேன். அதுல எனக்கென்ன தயக்கம்?"

மொக்கம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். தனக்கொரு வசவு வருமே என்றுதான் அவள் ஒரு வருஷம் பொத்தி வைத்திருந்தாள். இப்போது இந்த மனுஷர், அவள் கால் உடைத்த கலயத்துக்கு ஏச்சு வாங்கின மனுஷர், அவள் கை போட்ட நெல்லுக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணப்போகிறார். அதுவும் பொய்யென்று தெரியாமல்.

"பண்ணாதீக அண்ணே," என்றாள்.

"என்ன?"

"சத்தியம் பண்ணாதீக. நான் தொட்டேன். நீங்க ரயிலுக்குப் போன அன்னைக்கு, அந்தக் கலயத்துல ஒரு பிடி நெல்லு போட்டேன். வாய்க்கரிசின்னு நெனச்சுத்தான் போட்டேன். நெசமாத்தான் சொல்றேன்."

சேக் தாவூது நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எந்த வேலையிலும் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எந்தக் கையால?"

"வலது கையால."

"எம்புட்டு?"

"ஒரு பிடி. நெறஞ்ச பிடி இல்லை."

"எந்த நெல்லு?"

"சிறுமணி. மேல்கரை வயல்ல அறுத்தது."

"கலயத்துல அதுக்கு முன்னாடி ஏதும் கெடந்துச்சா?"

"பார்க்கலைண்ணே. அம்புட்டு வெளிச்சம் இல்லை."

கண்ணாடிக் குழலைத் திறந்து நாலு மணியை அவள் உள்ளங்கையில் கொட்டினார். "பாரு. இதானா?"

அவள் வெகுநேரம் பார்த்தாள். "நெல்லு நெல்லு மாதிரித்தானே இருக்கு. நான் எப்படிச் சொல்ல?"

"நானும் சொல்ல முடியாது," என்றார் அவர். "இதுல பழசு இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இனிப் பிரிக்க முடியாது." குழலுக்குள் மணிகளைத் திரும்பப் போட்டு மூடினார். "கழுத்து வரைக்கும் புது மழைச் சேறு. அதைப் பார்த்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நெல்லு வேணும் வேணும்னு கெடந்தேன்ல, கண்ணுல அது மட்டும்தான் பட்டுச்சு."

"யாருக்கும் தெரியாதுண்ணே," என்றாள் மொக்கம்மாள். சொன்ன பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே ஆத்தா."

அன்றைக்குச் சாயங்காலமே அவர் கடிதம் எழுதினார். நாலு வரிதான். உறையை ஒட்டி அவள் கையில் கொடுத்து, போகிற வழியில் தபாலாபீசில் போட்டுவிடச் சொன்னார்.

"என் பேரைப் போட்டீகளா அண்ணே? மொக்கம்மாள்னு?"

"எதுக்கு?"

"செஞ்சது நானுல்ல?"

"தாழிய மூடிட்டுப் போக வேண்டியது என் வேலை. மூடாமப் போனேன், உள்ளே புது நெல்லு விழுந்துபோச்சு. எழுதுனதை எல்லாம் திருப்பி வாங்கிக்கிறேன். அம்புட்டுத்தான் எழுதியிருக்கேன். நெசந்தானே?"

மொக்கம்மாள் அந்தத் தபால் பெட்டி முன்னால் நின்ற நேரம் கொஞ்சமல்ல. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த உறைக்குள் ஒரு நாற்காலி இருக்கிறது என்பது தெரியும். அம்மா கௌமாரி, நீ பார்த்துக்கொள் என்று சொல்லிப் போட்டுவிட்டாள். உள்ளே அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

செய்தி எப்படியோ பரவியது. தவசி வரப்பில் அவளை மறித்துக்கொண்டான்.

"நல்ல காரியம் பண்ண ஆத்தா! ஒரு மனுசன் பொழப்பை ஒரு பிடி நெல்லுல முடிச்சுட்டியே. போட்டதுதான் போட்ட, வாயையாச்சும் மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"விடுடா அவளை," என்றாள் சுப்புத்தாய். "கல்லைப் போட்டு மூடுறேன்னு போய் வேலியோரம் பீடி குடிச்சது யாரு? நீ வெரசா வந்திருந்தா அவ எதுக்குப் போட்டிருப்பா?"

தவசி வரப்பை விட்டு விலகி நடந்தான்.

ரீடர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. புரொபசர் அடுத்த புத்தகத்தில் அடிக்குறிப்பாக இரண்டு வரி எழுதினார். பிறகு சர்வகலாசாலையில் சேக் தாவூதுக்கு நெல் வாத்தியார் என்று பெயர் விழுந்தது. மாணவர்கள் கரும்பலகையில் நெற்கதிர் வரைந்து வைத்திருப்பார்களாம். அவர் அதைத் துடைக்காமல், பக்கத்திலேயே பாடத்தை எழுதி நடத்துவாராம். மதீனா சொல்லித்தான் மொக்கம்மாளுக்கு இது தெரியும்.

என்றாலும் மாசி தவறாமல் வந்தார். பன்னிரண்டு ஆள் ஆறாகி, ஆறு இரண்டாகி, பிறகு கூலிக்கென்று சர்க்கார் பணம் வருவதே நின்றுபோயிற்று. தாழி தோண்டுவதை விட்டுவிட்டார். கோம்பையிலிருந்து சின்னமனூர் வரை காடு காடாக நடந்து, மேலே கிடக்கிற சில்லுகளைப் பொறுக்கி, எங்கே எத்தனை என்று எழுதுவார். மொக்கம்மாள் கூடவே சாக்குப்பை தூக்கிக்கொண்டு நடப்பாள். நடையின் நடுவில் எங்காவது கல்லில் உட்கார்ந்துவிடுவார். "அலுப்பா இருக்கு மொக்கம்மா," என்பார். அலுப்பு காலிலா வேறெங்கேயா என்று அவள் கேட்டதில்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள்.

யுத்தம் வந்தது. 1942-இல் குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது சேக் தாவூதும் குடும்பத்தோடு ஊர் வந்தார். இலாகாவில் இடத்தை அடைக்கிறதென்று கழித்துவிட்ட தகரப் பெட்டிகள் ஏழையும் கூடவே கொண்டுவந்தார்.

"ஊர் உலகத்துல பொம்பளைக வீட்டுல தட்டுமுட்டுச் சாமான் அடுக்குவாக," என்று மதீனா மொக்கம்மாளிடம் முறையிட்டாள். "நான் ஓட்டுச்சில்லை அடுக்கிக்கிட்டு இருக்கேன். அந்தக் கடைசிப் பெட்டியில என்ன இருக்குன்னு கேட்டா மனுசன் பேச்சை மாத்துறாரு."

கடைசிப் பெட்டியில் இருந்தது அந்தத் தாழியின் எலும்புகள். கெட்டுப்போன சான்று என்று பதிவேட்டில் சிவப்புக்கோடு போட்டுக் கழித்திருந்தார்கள்.

அதை அவர் மொக்கம்மாளிடம் சொன்னது 1944 மாசியில். அதற்குள் பட்டணத்துக்குத் திரும்பி, மறுபடியும் அதே டியூட்டர் வேலையில் இருந்தார். நாற்பத்தொன்பது வயதுதான், பார்த்தால் அறுபது சொல்லலாம். மேடு ஏறினால் மார்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலையில் இரண்டு பேரும் பெட்டியைச் சாடிக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். பழைய குழியிலேயே அந்தத் தாழி வாய் தெரிய இரண்டு முழம் தோண்டினாள் மொக்கம்மாள். எலும்புகளை அவரே ஒவ்வொன்றாக இறக்கிவைத்தார். தாடைக்குப் பக்கத்தில் கலயத்தையும் வைத்தார்.

"இந்தத் தடவை அரிசியே கொண்டாந்திருக்கேன்," என்றாள் அவள் தயங்கித் தயங்கி.

"போடு."

அவள் போட்டாள். சங்கிலியையும் நினைத்துக்கொண்டுதான் போட்டாள். சேக் தாவூது கைகளை ஏந்தி, வாய்க்குள் ஏதோ ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு கோட்டுப் பையிலிருந்து மூடி இறுக்கின ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்தார். உள்ளே சுருட்டின காகிதம்.

"இது என்னண்ணே?"

"நாளைக்கு எவனாவது ஒருத்தன் இதைத் தோண்டுவான். அரிசியைப் பார்த்துட்டு என்னை மாதிரிக் கூத்தாடிறக் கூடாதுல்ல. அதான் எழுதி வச்சிருக்கேன்."

"என்னன்னு?"

வாசித்துக் காட்டினார். "இந்தத் தாழி முன்பே திறக்கப்பட்டது. இதிலுள்ள அரிசி 1944-ஆம் வருஷம் மாசி மாதம் மொக்கம்மாள் என்பவர் இறந்தவருக்கு இட்டது. பழையதென்று கொள்ளற்க."

தன் பெயர் எழுத்தில் இருப்பதை அவள் அன்றுதான் கேட்டாள். அவரிடமிருந்து புட்டியை வாங்கிக் கலயத்துக்குப் பக்கத்தில் தானே வைத்தாள். இந்தத் தடவை கையில் தூக்க முடிந்த கற்களை அடுக்கி மூடி, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டுத்தான் இருவரும் நகர்ந்தார்கள்.

நாலு நாள் கழித்து அவர் பட்டணம் புறப்பட்டார். அடுத்த மாசிக்கு வரவில்லை. மார்வலியில் அங்கேயே தவறிவிட்டார் என்று பங்குனியில் மதீனா ஆள் விட்டுச் சொன்னாள். புறப்பட்ட அன்று பார்த்ததுதான் மொக்கம்மாள் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

போடி ரயில் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போயிருந்த நேரம் அது. மதுரைக்குப் போகக் கரிப்புகையில் ஓடும் கரிவண்டி பஸ்தான். உத்தமபாளையத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் ஆள் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தான். புகை கண்ணைக் கரித்தது. சேக் தாவூது சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மொக்கம்மாள் கீழே நின்றாள். பத்து வருஷமாகக் கேட்காத கேள்வி அந்தப் புகையில் அவள் வாயில் வந்துவிட்டது.

"அண்ணே, என்னாலதான உங்களுக்கு இப்படி ஆச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஆளை அந்தத் தாழியில வச்சப்போ, முதப் பிடி யாராச்சும் போட்டுத்தான் இருப்பாக மொக்கம்மா. நெல்லோ சாமையோ. ஒண்ணுமே போடாம அனுப்பியிருக்க மாட்டாக. நீ போட்டது ரெண்டாவது பிடி. என்னால அதை நிரூபிக்கத்தான் முடியலை. சரி, வெயில் ஏறுது, நீ வீட்டுக்குப் போ ஆத்தா."